நோகவில்லை என்று உன் உம்மா சிரித்தாள்

என் மகனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சாய்ந்தமருதிலிருந்து மருதமுனைக்கு மோட்டார் சைக்கிளில் கால் மணித்தியாலம்கூட ஆகாது. அந்தத் தூரத்தில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பனைப் பார்த்து ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். போனில் சொல்ல வழியில்லை. இங்கே உன் உம்மா பக்கத்தில் இருக்கிறாள், அங்கே உன் மனைவியின் வீட்டார் இருக்கிறார்கள். இரண்டு வீடுகளிலும் போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக் கதைப்பதுதான் மரியாதை என்றாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நீ வருகிறாய். வந்து இருக்கும் ஒரு மணித்தியாலமும் உன் தட்டு நிறைவதைப் பார்த்தபடி உன் உம்மா உன் முன்னால் நிற்கிறாள். அவள் நிற்கிறாள் என்பதை நீ கவனித்திருக்க வேண்டும். உனக்கு ஒன்றும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். அந்த வாக்கை இப்போது, முழு அறிவோடு, உடைக்கிறேன். உன் உம்மாவின் வலது கால் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டாம் விரல் கறுத்துவிட்டது. நான் பயந்துபோய் இருக்கிறேன்.

உன் மனைவியின் தங்கையுடைய கல்யாணத்துக்கு மூன்று தாச்சி தொதல் வேண்டும் என்று சென்ற வெள்ளிக்கிழமை நீ கேட்டாய். "உம்மா, பெருநாளைக்கு நீங்க அனுப்பின தொதலப் பத்தித்தான் அங்க இன்னும் கதை. கடையில வாங்கினா எனக்கு மானக்கேடு. நீங்கதான் செய்து தரணும்" என்றாய். அவள் யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன மகன், தேங்காய மட்டும் நல்லதாப் பாத்து எடுத்துத் தா" என்றாள். கட்டுப் போட்ட காலைச் சேலைக் கரைக்குள் இழுத்துக்கொண்டு சொன்னாள். அந்தக் கட்டை நீ கண்டாய். "காலுக்கு என்ன?" என்று கேட்டாய். "அது அண்டைக்குச் சுட்டது, காஞ்சிட்டு" என்றாள். காய்ந்துவிட்டதாக நீயும் எடுத்துக்கொண்டாய். அன்றைக்கு நான் வாய் திறக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது உனக்கு ஞாபகம் இருக்கலாம். உன்மேல் இருந்த கோபத்தில் அப்படி இருந்தேன் என்று நினைத்திருப்பாய். அது பாதி உண்மை.

அந்தச் சூடு பட்ட நாளிலிருந்து தொடங்குகிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நாள் முந்தி. கல்யாணம் முடிந்து நீ அந்த வீட்டுக்குப் போன பிறகு வருகிற முதல் பெருநாள் என்பதால் இங்கிருந்து பலகாரத் தட்டு போயாக வேண்டும். நம் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய்விடுகிறான்; பெற்றவளுக்கு மிஞ்சுவது அவன் பின்னால் அனுப்புகிற தட்டுகள்தாம். ஆகவே அவள் அந்தத் தொதலை இனிப்பாக எண்ணிச் செய்யவில்லை. உன்னை வளர்த்தவள் யார் என்பதற்கு அத்தாட்சியாகச் செய்தாள். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஒழுவோடு வந்து, முற்றத்தில் மூன்று கல் கூட்டி, சிரட்டை போட்டு நெருப்பு மூட்டினாள். தேங்காய் திருவியதும் பால் பிழிந்ததும் நான். முதற்பாலைத் தனியாக எடுத்து வைத்து, அடுத்த பாலில் பச்சையரிசி மாவைக் கரைத்து, கித்துள் கருப்பட்டியைக் காய்ச்சி வடித்த பாணியை ஊற்றி அவள் கிண்டத் தொடங்கும்போது எட்டு மணி இருக்கும். தொதல் கிண்டும் கை மாறக் கூடாது என்பது அவளுடைய கொள்கை. கை மாறினால் திரளாது என்பாள். அடுப்படிக்குச் செருப்போடு வந்தால் பரக்கத்தும் வளமும் போய்விடும் என்பது இன்னொன்று. எனவே மூன்றரை மணித்தியாலம், ஒரே கையால், வெறுங்காலோடு நின்றாள்.

பாணி வெறும் தண்ணீரைப் போன்றதல்ல என்பதை நான் இருபத்தெட்டு வருடம் உயர்தர வகுப்பில் படிப்பித்திருக்கிறேன். கரைசல் தடிக்கத் தடிக்க அதன் கொதிநிலை ஏறும். தோலில் விழுந்தால் வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு உள்ளே வேகவைக்கும். தொதல் இறுகி, எண்ணெய் கக்கும் நேரத்தில் தாச்சிக்குள் பெரிய குமிழிகள் வெடிக்கும். நீ போன் எடுத்தது அந்த நேரத்தில். பக்கத்துக் கதிரையில் போனை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டு, அவள் கிண்டிக்கொண்டே உன்னோடு கதைத்தாள். நான் கசுக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்திப் பார்த்தேன். அவளுடைய வலது பாதத்தின் மேல், விரல்கள் தொடங்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயக் குற்றியைவிடப் பெரிதாகத் தொதல் ஒட்டியிருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் உனக்குச் சிரித்துச் சிரித்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கால்ல தெறிச்சிருக்கி" என்றேன். "எங்க?" என்றாள். நான் காட்டிய பிறகும் அவள் முதலில் மற்றக் காலைத்தான் பார்த்தாள். பிறகு குனிந்து அகப்பைக் காம்பின் நுனியால் அதை நெம்பினாள். அதனோடு தோலும் வந்தது. கீழே வெள்ளையாக இருந்தது. சிவப்பாக இல்லை, வெள்ளையாக. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா, நோகவே இல்ல. அல்லாஹ் காப்பாத்திட்டான்." போனிலிருந்து உன் குரல் வந்தது: "என்ன உம்மா, சுட்டுட்டா?" "இல்ல மகன், ஒரு சொட்டுத் தெறிச்சிட்டு. நோவு ஒண்டும் இல்ல." "அல்ஹம்துலில்லாஹ். நோகல்ல எண்டா பெரிசா இல்ல உம்மா. பற்பசையப் பூசுங்க" என்றாய்.

நோகவில்லை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த முற்றத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இரத்தத்தில் சீனி வருடக்கணக்காகக் கூடி நிற்கும்போது முதலில் பாதத்தின் நரம்புகள் செத்துப்போகும். அவள் அல்லாஹ்வின் ரஹ்மத்தென்று நன்றி சொன்னது அந்தச் சாவுக்கு. இது தெரிந்த நான் என்ன செய்தேன் என்பதை நீ அறிய வேண்டும். நான் ஒன்றும் செய்யவில்லை. "விடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்ல வாயெடுத்தேன். "இன்னும் கொஞ்சந்தான் கிடக்கி, இப்ப விட்டா எல்லாம் பாழ்" என்றாள். நான் மறுபடியும் கதிரையில் இருந்து கசுக்கொட்டை உடைத்தேன். இன்னும் நாற்பது நிமிடம் அவள் அந்தக் காலில் நின்று கிண்டினாள். ஏன் நிறுத்தவில்லை? நரம்பு செத்துவிட்டது என்ற அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். பல்கலைக்கழகத்தில் படித்து, பட்டம் எடுத்து, உபஅதிபராக ஓய்வுபெற்ற ஒருவன், ஒரு பொருளின் பெயரைச் சொல்லாவிட்டால் அது இல்லை என்று நம்பிக்கொண்டு நாற்பது நிமிடம் கொட்டை உடைத்தான். அந்தத் தொதலைத்தான் நீங்கள் அங்கே துண்டு துண்டாக வெட்டிப் பரிமாறினீர்கள்.

உன்மேல் எனக்குள்ள கோபத்தையும் அளவோடு எழுதிவிடுகிறேன். உன் உம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் சொன்ன வருடம், நுவரெலியாப் பக்கம் போய்வந்த உன் கூட்டாளியிடம் சொல்லி, ஓலையில் பொதிந்த அசல் கித்துள் கருப்பட்டியைக் கொண்டுவந்து கொடுத்தவன் நீ. "சீனிய விட்டிருங்க உம்மா. இது மரத்தில வாறது, ஒண்டும் செய்யாது" என்றாய். அன்றிலிருந்து அவள் தேநீரில் சீனி போடவில்லை. ஒவ்வொரு பிளேன்ரீக்கும் ஒரு துண்டு கருப்பட்டி கடித்தாள். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு தேநீர். ஆஸ்பத்திரியில் கேட்டபோது நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: "நான் சீனியத் தொட்டே வருசக்கணக்கு, டொக்டர்." பொய் சொல்லவில்லை. முழு நம்பிக்கையோடு சொன்னாள். மரத்திலிருந்து வந்தாலும் கரும்பிலிருந்து வந்தாலும் இரத்தத்துக்குள் போனால் அது ஒன்றுதான் என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான்! அதே நான் அவளுக்கு எதிரே இருந்து, அதே கருப்பட்டியின் மற்றப் பாதியைக் கடித்துத் தேநீர் குடித்தேன். நீ அறியாமல் செய்தாய். நான் அறிந்து செய்தேன். இருவரில் யார்மேல் எனக்குக் கோபம் அதிகம் என்று இனி நீ கேட்க மாட்டாய்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கும் ஒரு பழைய காரணம் உண்டு. கல்யாணமான புதிதில், என்னோடு படிப்பித்த ஓர் ஆசிரியர் வீட்டுக்கு வந்தார். உன் உம்மா வட்டிலப்பம் அவித்து வைத்தாள். அவர் ருசித்துவிட்டு, "இது எப்படி இவ்வளவு பதமா இறுகுது?" என்று கேட்டார். அவள் வெட்கத்தோடு, "கருப்பட்டி சூடு, முட்டை குளிர்ச்சி, ரெண்டும் ஒண்டையொண்டு புடிச்சுக்கும்" என்றாள். நான் உரக்கச் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல், புரதம் வெப்பத்தில் எப்படி உறைகிறது என்று அவள் முன்னாலேயே அவருக்குப் பாடம் நடத்தினேன். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் கதவு நிலையைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள். கடைசியில், "ஓம் சேர், விளங்கிட்டு" என்றாள். அந்த ஆசிரியர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு விடயத்தையும் அவள் என்னிடம் கேட்டு அறிந்ததில்லை. நான் சொன்னால், "ஓம் சேர்" என்று கேலியாகச் சொல்லிவிட்டுப் போவாள். நீ வளர்ந்த பிறகு உன்னிடம் கேட்டாள். நீ சொன்னதுதான் அவளுக்கு வேதம். இந்த வீட்டில் உனக்கு இருக்கும் அதிகாரம் என் மடமையால் உனக்குக் கிடைத்தது. அதை நீ கருப்பட்டிக்குச் செலவழித்தாய்.

பெருநாள் முடிந்து நான்காம் நாள் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உன்னிடம் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வெளிக்கிட்டாள். டொக்டர் இளம் பெண். உன் உம்மாவைக் கட்டிலில் சாய்த்துக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு குச்சியின் நுனியில் மீன் நரம்பு போன்ற தடித்த நூல் ஒன்று இருந்தது. அதனால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "படுகுதா உம்மா?" என்று கேட்டார். "ஓம், படுகுது" என்றாள். பெருவிரலில் தொட்டார். "ஓம்." குதிக்காலில் தொட்டார். "ஓம் மகள்." அதன் பிறகு அந்த டொக்டர் நூலைப் பாதத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றில், அசையாமல் பிடித்துக்கொண்டு, அதே குரலில் கேட்டார்: "இப்ப படுகுதா உம்மா?" உன் உம்மா கண்ணை மூடியபடி, நல்ல பிள்ளை போல, "ஓம், நல்லாப் படுகுது" என்றாள்.

மகனே, சுனாமியில் கடல் நம் வளவுக்குள் வந்த காலையில்கூட எனக்கு அப்படி உள்ளே விறைத்துப்போகவில்லை. டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வெளியே வந்து அவர் சொன்னவை இவை: சீனி மிக அதிகம், குளிசையால் இனி முடியாது, இன்சுலின் ஊசி போட வேண்டும், புண் ஆழத்துக்குப் போகிறது, காலை நிலத்தில் ஊன்றக் கூடாது, நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டும், வார்ட்டில் சேர்ப்பது நல்லது, கறுப்பு பரவினால் விரலை எடுக்க வேண்டி வரும், விரலோடு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. உன் உம்மாவிடமும் சொன்னார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மருந்தத் தாங்க மகள், வார்ட்டெல்லாம் இப்ப வேணா. ஊசியும் வேணா. ஊசி போட்டா மறுகா விட ஏலாதாம்" என்றாள். நீ தொதல் கேட்ட பிறகு அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டாள்: "கல்யாணம் முடியட்டும். மகன் வாய் விட்டுக் கேட்டிரிக்கான். அந்த வீட்டில அவன்ட முகம் வாடக் கூடா."

இந்த மூன்று கிழமையாக நான் எப்படி இருக்கிறேன் என்று எழுதுகிறேன். காலையில் இருமுறை முற்றம் கூட்டுகிறேன். ஆணி, முள், சிப்பி ஓடு, உடைந்த கண்ணாடி, எதை அவள் மிதித்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. வேலிக்கு அப்பால் இருக்கும் ராத்தா எட்டிப் பார்த்து, "என்ன சேர், பென்சன் காணாதெண்டு கூட்டுற உத்தியோகம் எடுத்திட்டீங்களா? நம்மட வளவையும் ஒருக்காக் கூட்டித் தாங்களேன்" என்று சிரிக்கிறா. நானும் சிரிக்கிறேன். உன் உம்மா கால் கழுவும் தண்ணீரில் முதலில் என் முழங்கையை விட்டுப் பார்க்கிறேன். செருப்புக்குள் கையை விட்டுத் தடவுகிறேன். அவள் நடக்கும்போது பின்னால் போய்ச் சீமெந்துத் தரையில் ஈரம் படிகிறதா என்று பார்க்கிறேன். ஒரு தடவை படிந்தது. அது கட்டிலிருந்து கசிந்தது. அவள் அதன் மேலேயே திரும்பி நடந்து வந்து எனக்குத் தேநீர் தந்தாள். தட்டில் கருப்பட்டித் துண்டு இருந்தது. எடுத்து வேலிக்கு வெளியே எறிந்தேன். "உங்களுக்கு விசரா?" என்றாள். இந்த வயதில் முதல் தடவையாக அவளிடம் சத்தம் போட்டேன். அவள், "ஓம் சேர்" என்றாள்.

உன் பெரியவாப்பாவை, அதாவது என் காக்காவை, உனக்குத் தெரியாது. நீ பிறக்குமுன் மௌத்தாகிவிட்டார். அவர் நற்பிட்டிமுனையில் கல்யாணம் முடித்து, சவளக்கடையில் வயல் செய்தார். அவருக்கும் இதே வருத்தம். வரம்பில் எதையோ மிதித்திருக்கிறார். எதை மிதித்தார் என்று அவருக்கே தெரியாது. அந்தப் புண்ணோடு சேற்றுக்குள் இறங்கி வேலை செய்திருக்கிறார். நான் அப்போது இந்த வீட்டுக்குப் புது மாப்பிள்ளை. என் மாமா வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் கந்தூரி விருந்துக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வயலிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து, "காக்காக்கு ஏலாது, தம்பிய ஒருக்கா வரச் சொன்னாரு" என்றார். "வாறன் எண்டு செல்லுங்க" என்றேன். போகவில்லை. புது மாப்பிள்ளை, கந்தூரி நேரத்தில், மாமாவிடம் போய் "எனக்குப் போக வேண்டும்" என்று கேட்க வெட்கப்பட்டேன். கேட்டிருந்தால் அவரே வண்டி பிடித்து அனுப்பியிருப்பார் என்று பின்னால் தெரிந்தது. வந்தவர்களை வரவேற்று, சோற்றுச் சஹன் தூக்கி, கை கழுவத் தண்ணீர் வார்த்து, ஐந்து நாள் கழித்துப் போனேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருக்கவில்லை. கட்டிலில் கிடந்த காக்கா என்னைக் கண்டதும் கேட்டார்: "வந்திட்டியா? பந்தல் கழட்டியாச்சா?" வேறு எதுவும் கேட்கவில்லை. எட்டு மாதம் இருந்தார்.

ஆகவே புது மாப்பிள்ளையின் வெட்கம் என்னவென்று எனக்கு நீ விளக்கத் தேவையில்லை. பெண் வீட்டில் "ஏலாது" என்று ஒரு சொல் சொல்ல நாக்கு எப்படி மறுக்கும் என்பதை நான் அறிவேன். உன் மனைவியின் வீட்டார் கெட்டவர்கள் அல்லர். தறி வைத்து உழைத்துப் பிள்ளைகளை வளர்த்த மனிதர்கள். உன் உம்மாவின் கால் இப்படியென்று தெரிந்தால் தொதலென்ற பேச்சையே எடுக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது, நீ சொல்லவில்லை, உனக்கு நான் சொல்லவில்லை, என்னை அவள் சொல்ல விடவில்லை. எல்லோரும் எல்லோருக்கும் மரியாதை செய்துகொண்டிருக்கிறோம், நடுவில் ஒரு கால் அழுகுகிறது. இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்காதே. உன் மாமா, மாமி, மனைவி எல்லோரும் இருக்கும்போது விறாந்தையில் இருந்து முதலிலிருந்து வாசி. என்னைப் பற்றி எழுதிய இடங்களையும் விடாமல் வாசி. உனக்கு மானம் போகும். போகட்டும், எனக்குப் போனதைவிட அது அதிகமாக இராது.

இன்று காலை நடந்ததைச் சொல்லி நிறுத்துகிறேன். கட்டு மாற்றும்போது வழக்கமாக அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர்க்கதை சொல்லுவாள். இன்று கதைக்கவில்லை. நான் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது திடீரென்று, வேறு யாரையோ பற்றிக் கேட்பது போலக் கேட்டாள்: "ஒரு கால் இல்லாட்டி சுஜூதுக்கு எப்படிப் போற?" "கதிரையில இருந்து தொழலாம். மார்க்கத்தில இடம் இரிக்கி" என்றேன். "கதிரையில இருந்தா நெத்தி நிலத்தில படாதே" என்றாள். அப்போதுதான் கண்டேன், அவளுக்கு எல்லாம் தெரியும். சிரிப்பு, "நோகல்ல", கல்யாணம், தொதல், எல்லாவற்றுக்கும் அடியில் அவள் என்னைவிடப் பயந்துபோய் இருக்கிறாள். முப்பது வருடத்துக்குப் பிறகு, அறிந்துகொள்ள வேண்டி, அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "சேர்" என்று சொல்லாமல் கேட்டாள்.

நான் ஒரு பொய் சொன்னேன். "மகனுக்கு எல்லாம் தெரியும். தொதல் வேணா எண்டு அவன்தான் சொன்னான். வியாழக்கிழமை அவன் வந்து உன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போறானாம்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "அவன் சொன்னானா?" என்றாள். "ஓம்" என்றேன். "வார்ட்டில இருக்கச் சொன்னா அவனும் நிப்பானா?" "நிப்பான்." "ஊசி போடச் சொன்னானா?" "ஓம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, காலைத் தானே தூக்கி என் மடியில் வைத்து, "அப்ப சரி, நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் உடுத்து வெளிக்கிட்டு இருப்பாள். நீ வந்தால் நான் சொன்னது பொய்யாக இராது.

உன் வாப்பா